கோப்பை எந்தக் கையில்

பர்பாங்க் ஸ்டூடியோவில் என் வேலை
மறக்காமல் இருப்பது.
முந்தைய ஷாட்டில் சிகரெட் எவ்வளவு எரிந்திருந்தது,
தொப்பி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது,
கோப்பை எந்தக் கையில்.
இருபத்தாறு வருஷம். பொலராய்டுகள் மூன்று பெட்டி.
அவற்றில் நாற்பத்தொன்றில் ஆரின் ஹல்வர்சன் இருக்கிறார்,
யாருடைய தோளுக்கோ பின்னால்.

மின்னசோட்டாவில் மாட்டுப்பண்ணைக்காரர் மகன்.
எங்கேயோ பார்த்தது போன்ற முகம்.
அவருக்கு இருந்த சொத்தே அதுதான்.
செவ்வாய்க்கிழமை ஷெரீப்,
வியாழக்கிழமை குதிரைத் திருடன்,
அடுத்த வாரம் இரண்டு பேரையும் தூக்கில் போடும் நீதிபதி.
ஒரே தெரு. குதிரைகளுக்கான ஒரே தண்ணீர்த் தொட்டி.
சுடப்பட்டு அதற்குள் ஒன்பது முறை விழுந்திருக்கிறார்,
நான்கு தொடர்களுக்காக.
"ஒரு தடவைகூடத் தண்ணீர் வெதுவெதுப்பாக இல்லை"
என்பார், சாண்ட்விச்சை மென்றபடி.

பெயர்கள் ஓடத் தொடங்கியதும்
அடுத்த நிகழ்ச்சியை அறிவிக்க ஒருவன் குறுக்கே வந்துவிடுவான்.
"ஹல்வர்" வரை வாசிக்கலாம்.
ஒருமுறை ஆரின் என்பது ஆலன் என்று வந்தது.
புகார் எழுதட்டுமா என்றேன்.
"வேண்டாம், ஆலனும் வாடகை கட்ட வேண்டுமே."

கடையில் ஒரு பெண்,
முட்டைப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு:
"உங்களை எனக்குத் தெரியும்...
எங்கள் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்தீர்களே!"
"ஆமாம்," என்றாராம், "மறுபடி ஒழுகுகிறதா?"

வயது ஏற ஏற
துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள்.
நடைவழி. கதவு திறக்கும். கண்ணாடியைக் கழற்றுவார்.
"எங்களால் முடிந்ததெல்லாம் செய்தோம்."
உடனே காமிரா கேட்டவர் முகத்துக்குப் போய்விடும்.
அழுவது அவர்கள் வேலை,
சம்பளமும் அதற்கேற்றபடி.
என் குறிப்பேட்டில்: கண்ணாடி, இடது கை.
பதினேழு டாக்டர்கள். பதினேழும் இடது.

ஏப்ரலில், க்ளென்டேல் ஆஸ்பத்திரியில்,
உள்ளே தெல்மா.
நடைவழி. கதவு.
மேக்கப் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு
பிற்பாடு என்னிடம் சொன்னார்:
"சின்னப் பையன். 'எங்களால்' என்று தொடங்கி இருமினான்.
கண்ணாடி போடாதவன்,
கையை என்ன செய்வதென்று தெரியவில்லை பாவம்.
சொல்லி முடித்தான்.
இனி காமிரா யார் முகத்துக்குப் போகும் என்று
நான் காத்துக்கொண்டிருந்தேன், பாரேன்.
திரும்பிக்கூடப் பார்த்தேன்.
பின்னால் ஒரு தள்ளுவண்டி மட்டும் நின்றது."

பையன் தோளைத் தட்டி
"நன்றாகத்தான் சொன்னாய்" என்றுவிட்டு
கார் நிறுத்திய இடம் தெரியாமல்
மூன்று தளங்கள் ஏறி இறங்கினாராம்.

ஜூனில் பதினெட்டாவது டாக்டர்.
ஒத்திகையில் எப்போதும் போல.
டேக்கில் கண்ணாடியைத் தொடவில்லை.
ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு
அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்தார்.
வசனம் வரவில்லை.
ஃப்ரேமில் பாதிதான் இருந்தார், பாதி நெற்றி, ஒரு முழங்கால்.
அவளுக்கு நிஜமாகவே தொண்டை அடைத்தது.
விளக்குப் பிடித்தவன் கீழே பார்த்தான்.

"கட். அருமை. ஆனால் பதினோரு நொடி கூடுதல்.
நின்றுகொண்டே சொல்லிவிடுங்கள், ஆரின்."

நின்றார். சொன்னார். இடது கை.
நாற்காலியை யாரோ தூக்கிப் போனார்கள்.
பயன்படாத டேக்கை நான் குறிப்பிலிருந்து அடித்துவிட வேண்டும்.
அடித்தேன்,
பென்சிலால், படிக்கிற மாதிரி.

அவர் போய் ஆறு வருஷம்.
நேற்று ராத்திரி சலவைக்கூடத்தில்
மூலை டிவியில், சத்தமில்லாமல், அந்தத் தூசித் தெரு.
சலூன் கதவைத் தள்ளிக்கொண்டு ஆரின்,
முப்பது வயது, இரவல் மீசை.
குழந்தைச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தவள்
"இந்த ஆளைத் தெரியும்" என்றாள், யாரிடமும் இல்லாமல்.
விஸ்கிக் கோப்பையோடு தொட்டியை நோக்கி நடந்தார்.
தலையணை உறைகளோடு நின்று பார்த்தேன்:
இந்த ஷாட்டில் வலது கை.
அடுத்ததில் இடது.

அந்த வருஷம் நான் வேலைக்குச் சேர்ந்திருக்கவில்லை.